தணிகாசலம் துடைத்த வெங்காயத்தாள்

தணிகாசலம் அண்ணன் இறந்த செய்தி எனக்குப் பொன்னேரி மார்க்கெட்டில் வந்தது. கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். கம்பெனியில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று நாம் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோமே, காலை வணக்கமும் ரோஜாப்பூவும் தவிர வேறு எதுவும் வராத குழு, அதில் ஒரு படம் வந்து விழுந்தது. அண்ணன் கை நிறைய வெங்காயத்தாளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். மேலே கம்பெனியின் முத்திரை. கீழே பச்சை எழுத்தில், 'எங்கள் பசுமைக் காவலருக்குக் கண்ணீர் அஞ்சலி.' அதற்கும் கீழே உங்களில் பலர் கை கூப்பும் பொம்மையை வரிசையாகப் போட்டிருந்தீர்கள்.

எனக்கு முதலில் அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அந்த மனிதர் கடைசிக் காலத்தில் யாரோடு மல்லுக்கு நின்றாரோ அவர்கள் வாயிலிருந்தா அவர் சாவை நான் கேட்க வேண்டும்? காவலராம், பசுமைக் காவலர். கத்தரிக்காயைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன். அது எப்போது, எதற்காக எடுத்த படம் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. உங்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு அது தேவையில்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்பை உருக்கி வார்க்கும் கம்பெனி அது. அண்ணன் அங்கே ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். நான் டைம் ஆபீஸில் இருந்தேன். கம்பெனியின் பின்மதிலை ஒட்டிய தெருவில் அவர் வீடும் என் வீடும் அடுத்தடுத்து இருந்தன. நடுவே இடுப்பளவு சுவர். அவர் என்னை 'மேடம்' என்று கூப்பிடுவார். அதில் மரியாதையை விடக் கிண்டல்தான் அதிகம். தாமதமாக வருகிறவர்களுக்கு நான் அட்டையில் சிவப்பு மை போடுவேன் என்பதால் ஆரம்பத்தில் வைத்த பெயர், கடைசிவரை நிலைத்துவிட்டது. நான் 'அண்ணே' என்பேன். அவர் மனைவி மல்லிகா அண்ணி. பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேரும், பின்பக்கம் ஒரு வெங்காயப் பாத்தியும்தான்.

நம் கம்பெனியில் வேலை செய்தவர்களுக்கு 'ஆடிட்' என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நம்மிடம் வார்ப்பு வாங்குகிறவர்கள் அவ்வப்போது வந்து ஆலையைச் சுற்றிப் பார்ப்பார்கள். அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே வார்ப்பு வேலை இரண்டாம் பட்சமாகிவிடும். தரையில் மஞ்சள் கோடுகளுக்குப் புதுப் பெயின்ட் அடிப்போம். உடைசல்களைப் பின்னால் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடுவோம். புதுக் கையுறை தருவார்கள். சாயந்திரம் எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். கேட்டில் கோலம் போட என்னை அனுப்புவார்கள். வந்தவர்கள் கார் ஏறும்வரை உலையை அடக்கியே வைப்பார்கள். கார் தச்சூர் கூட்டுரோட்டைத் தாண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டுவிட்டு மறுபடி ஊதுவார்கள்.

இந்தத் திருவிழாவுக்குத் தர்மகர்த்தா தணிகாசலம் அண்ணன்தான். வாடகைக்கு வந்த குரோட்டன் தொட்டிகளை வாசலில் வரிசையாக வைத்து, ஒவ்வொரு இலையையும் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைப்பார். ஒரு முறை பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் அந்த இலையைத் தடவிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று யாருக்கும் புரியவில்லை. ஆனாலும் அண்ணன் ரொம்ப நாள் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போனார். "பாக்க வர்றவன் கண்ணுல ஒரு தூசி படக் கூடாது மேடம். பட்டுதுன்னா அது தூசி இல்ல, நம்ம மானம்" என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

வெங்காயத்தாள் கதைக்குள் வந்ததும் ஒரு ஆடிட்டில்தான். வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்குச் சாலட் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். கேன்டீன்காரர் கோயம்பேட்டிலிருந்து தருவித்த வெங்காயத்தாள் வெயிலில் வாடி, நனைந்த துணி போலக் கிடந்தது. மேனேஜர் கேன்டீன்காரரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார். அப்போது அண்ணன் போய் நின்று, "சார், என் ஊட்டாண்ட கீது, எடுத்தாரட்டா?" என்றார். பதிலுக்குக்கூட நிற்காமல் பின்கேட் வழியாக ஓடினார். வேரும் மண்ணுமாக ஒரு கட்டு கொண்டுவந்து, குழாயடியில் அலசி, வெள்ளைத் தண்டும் பச்சைத் தாளுமாகத் தட்டில் அடுக்கிவைத்தார். வந்தவர்களில் ஒருவர் மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதை மட்டும் கடித்துத் தின்றுகொண்டே இருந்தார். எங்கே விளைந்தது என்று கேட்டார்கள். மேனேஜர் மதிலைக் காட்டி, "இதோ, எங்கள் ஆலையை ஒட்டித்தான்" என்றார். உடனே அண்ணனைக் கூப்பிட்டு, ஒரு கட்டைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படம்தான் இது.

அன்றிலிருந்து யார் வந்தாலும் அண்ணனின் வெங்காயத்தாள் மேஜையில் இருக்கும். உலைக்குப் பக்கத்திலேயே இப்படிப் பச்சைப்பசேலென்று விளைகிறது பாருங்கள் என்பது கம்பெனியின் பேச்சாகிவிட்டது. அண்ணனுக்கு அதில் பெருமை. எனக்கு அப்போதே எரிச்சல். ஆனால் அவரிடம் சொல்லவில்லை. சொன்னாலும் அவர் காதில் ஏறியிருக்காது.

பெருமைப்பட அவருக்கு நியாயம் இருந்தது. எனக்குத் தெரிந்து வெங்காயத்தை இப்படிச் சீராட்டியவர் வேறு யாரும் இல்லை. பொன்னேரி மார்க்கெட்டில் முளைவிட்டுப்போனதென்று கடைக்காரர்கள் ஒதுக்கிவைக்கும் சின்ன வெங்காயத்தை வாங்கிவருவார். ஆற்று மணலும் மக்கின சாணமும் கலந்த பாத்தியில், காலை நேரப் புறநகர் யூனிட் ரயிலில் ஆட்கள் நிற்பதுபோல நெருக்கி ஊன்றுவார். "எடம் வுட்டா கெழங்கு பெருக்கும். கெழங்கு பெருத்தா தாளு முத்திப்பூடும். நமக்குத் தாளுதான் வோணும்" என்பார். தண்டு வெள்ளையாக நீள வேண்டும் என்று அவ்வப்போது மண்ணை அணைத்துக்கொண்டே வருவார். தண்ணீரைத் தலையில் ஊற்ற மாட்டார், வேரடியில்தான். சித்திரை வெயிலுக்குப் பச்சை வலை கட்டுவார். ஐப்பசி மழைக்கு முன்னால் பாத்தியை மேடாக்குவார், அழுகக் கூடாதென்று. பிடுங்காமல், அடியில் இரண்டு விரல் விட்டு அறுத்தால் மறுபடி துளிர்க்கும். அப்படித் துளிர்த்ததைச் சுவர்மேல் வைத்துவிட்டு, "மேடம், சரக்கு வந்துக்குது" என்று குரல் கொடுப்பார்.

நான் அதை நறுக்கி முட்டையில் போட்டு வதக்குவேன். அவருக்கு அது பிடிக்காது. "வெங்காயத்தாள பச்சையா துன்னணும் மேடம். வேக வெச்சீங்கன்னா அது எந்த ஊட்டுது, எந்த மண்ணுதுன்னு ஒண்ணும் தெரியாது. பச்சையா கடிச்சா அது பொய் சொல்லாது." பழையசோற்றுக்கு அண்ணனும் அண்ணியும் அதைத்தான் கடித்துக்கொள்வார்கள்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் புதிதாக ஒரு உலை வைத்தார்கள். அதற்குப் புகையை உறிஞ்சும் மூடி ஒன்று வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை என்று உள்ளே வேலை செய்தவர்கள் சொன்னார்கள். வைத்தும் ஓட்டவில்லை என்று வேறு சிலர் சொன்னார்கள். எது உண்மையோ, காலையில் எழுந்தால் கொடியில் காயும் துணி கறுப்பாக இருந்தது. தண்ணீர்த் தொட்டி மூடியில் விரலால் பெயர் எழுதலாம். துணியை அலசலாம், மூடியைக் கழுவலாம். வெங்காயத்தாளை என்ன செய்வது? அது நெட்டக்குத்தலாக நிற்கிற தாள். மேலே விழுகிற தூசி வழுக்கிக்கொண்டு இறங்கி, தாள் பிரிகிற கழுத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே எவ்வளவு கழுவினாலும் உள்ளே இருப்பது போகாது.

அண்ணன் அதைக் கண்டுபிடித்தபோது நான் சுவரோரம் நின்றிருந்தேன். ஒன்றைப் பிடுங்கி லுங்கியில் துடைத்துக் கடித்தவர், மெல்லாமல் அப்படியே நின்றார். பிறகு துப்பினார். "நறநறன்னுது மேடம்" என்றார். மண்ணாக இருக்கும் என்றேன். கழுத்தைப் பிரித்துக் காட்டினார். மண் அப்படி மினுமினுக்காது. அவர் மதிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

அந்த வருஷம் அண்ணிக்கு இளைப்பு வந்தது. ராத்திரியில் உட்கார்ந்தபடியேதான் தூங்குவார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கே அந்த விசில் சத்தம் கேட்கும். டாக்டர் விறகு அடுப்பா என்று கேட்டார். "கேஸ்தாங்க டாக்டர்" என்றார் அண்ணி. ஊதுபத்தி ஏற்றாதீர்கள், தலையணை உறையை மாற்றுங்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில் காற்று நல்லாயிருக்கிற இடத்துக்குப் போய்விடுங்கள் என்றார். எங்கே போவது? அந்த வீட்டை விற்கலாம் என்றால் வாங்க வருகிறவர்கள் தெருமுனையிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். என் மகள் பொன்னேரியில் இருந்தாள். எனக்குப் போக இடம் இருந்தது. அவர்களுக்கு இல்லை.

அப்போதுதான் அவர் துடைக்க ஆரம்பித்தார். விடிகிற நேரத்தில் ஒரு குவளைத் தண்ணீரும் பழைய பனியனுமாகப் பாத்தியருகே குந்திக்கொள்வார். தாள் தாளாக, அடியிலிருந்து நுனிவரை துடைப்பார். கழுத்தைப் பிரித்து, துணி முனையைத் திரித்து உள்ளேயும் எடுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஏன் அண்ணே துடைக்கிறீங்க? கிடக்கட்டும். நாலு பேர் பார்க்கட்டும்" என்பேன். "பாக்க சகிக்கல மேடம்" என்பார். அது மட்டும்தான் பதில்.

ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. திருவள்ளூரில் இதையெல்லாம் கேட்க வேண்டிய அலுவலகம் ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை தவறாமல் பஸ் மாறி மாறி அங்கே போனார். அவர் கேட்டது நஷ்டஈடு இல்லை, கம்பெனியை மூடச் சொல்லவும் இல்லை. "ஒரே ஒரு ஆபீசரு வந்து பாத்துட்டு, ஆமா, தூசி கீதுன்னு சொன்னாப் போதும் மேடம். அப்பறம் அவங்க அந்த மூடியப் போட்டுத்தான் ஆவணும். மல்லிகா படுத்துத் தூங்குவா." அவ்வளவுதான் அவர் ஆசை. மனைவி முதுகைக் கீழே சாய்த்துத் தூங்க வேண்டும் என்று ஒரு மனிதர் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார்.

தெருவில் அவருக்குத் துணை அதிகம் இல்லை. பாதி வீட்டுப் பிள்ளைகள் கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தார்கள். எதிர்வீட்டு தேவராஜ், "நைனா, என் புள்ள உள்ள வேல பாக்குறான். என் பேர மட்டும் சொல்லிடாதே" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. அவரும் இருமிக்கொண்டேதான் அதைச் சொன்னார்.

ஒருவழியாக, அதிகாரிகள் நேரில் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்தது. அண்ணன் வீடு வீடாகப் போனார். நானும் கூடப் போனேன். "அவங்க வந்து போற வரைக்கும் யாரும் துணியத் தொடாதீங்க. ஜன்னலு, தொட்டி மூடி, மாடி எல்லாம் அப்டியே கெடக்கட்டும். என் பாத்தியையும் நான் தொட மாட்டேன்." எல்லோரும் சரி என்றார்கள். அந்தச் சில நாட்கள் அவர் பாத்திப் பக்கம் போகாமல் முன்வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். தாள்கள் கறுத்துக்கொண்டு வந்தன. எட்டிப் பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல் முறையாக நான் அந்த அழுக்கைக் கண்டு சந்தோஷப்பட்டேன்.

அதிகாரிகள் வருகிற காலையில் நான் கதவைத் திறந்தேன். தெரு பளிச்சென்று இருந்தது. ஒவ்வொரு வாசலும் கழுவி ஈரமாக இருந்தது. கோலம் போட்டிருந்தார்கள். செம்மண் இட்டிருந்தார்கள். தேவராஜ் வீட்டு ஜன்னல் கம்பிகள் துடைத்துப் பளபளத்தன. யாரும் கம்பெனி சொல்லிச் செய்யவில்லை. யாரும் யாரையும் கேட்கவும் இல்லை. ஆபீசர் வருகிறார் என்று காதில் விழுந்ததும் கை தானாக விளக்குமாற்றை எடுத்திருக்கிறது. வேலைக்காலம் முழுவதும் அப்படியே பழகிய கைகள்.

சரி, பாத்தியாவது இருக்கிறதே என்று பின்பக்கம் ஓடினேன். அண்ணன் அங்கே குந்தியிருந்தார். பக்கத்தில் கறுத்த தண்ணீரோடு வாளி. கையில் பனியன் துணி. கடைசி வரிசையின் கடைசித் தாளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னா அண்ணே பண்ணிட்டீங்க?"

"ஆபீசருங்க வர்றாங்க மேடம். இவ்ளோ அழுக்கா இருந்தா நம்மளப் பத்தி இன்னா நெனப்பாங்க?"

உள்ளே அண்ணி இருமிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் கேட்டதும் அண்ணனுக்கே உறைத்தது. கையிலிருந்த துணியைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். மண்ணை அள்ளித் தாள்மேல் தூவலாமா என்று கேட்டார். வேண்டாம் அண்ணே, அது பொய்யாகிவிடும் என்றேன். அவரும் தலையாட்டினார்.

அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். கூடவே கம்பெனி ஆள் ஒருவரும் வந்தார். அன்று பார்த்து உலை ஊதவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. தெருவில் நடந்துவிட்டு, "கிளீனா மெயின்டெய்ன் பண்றீங்க" என்று பாராட்டினார்கள். பாத்தியைப் பார்த்ததும் கம்பெனி ஆள், "இவரு எங்க பழைய ஸ்டாஃப் சார். எங்க கெஸ்ட்டுக்கெல்லாம் இவரு தோட்டத்து வெங்காயத்தாள்தான்" என்றார். பெரிய அதிகாரி ஒன்றை ஒடித்துக் கடித்தார். நறநறக்கவில்லை. எப்படி நறநறக்கும்? கழுத்துக்குள்ளும் துடைத்திருந்தாரே.

"நல்ல ஃப்ரெஷ்ஷா இருக்கு. காத்து சரியில்லைன்னா இப்படி வளருமா பெரியவரே?"

"சார், காலைலதான் சார் தொடச்சேன். டெய்லி தொடைக்கிறேன் சார். தோ, வாளில பாருங்க சார்."

"வாளித் தண்ணி அழுக்காத்தான் இருக்கும். தொடச்சா சுத்தமாயிடுது இல்ல? அப்புறம் என்ன கம்ப்ளெயின்ட்?"

என் வீட்டு மொட்டைமாடியை நான் தொடவில்லை, ஏறி வந்து பாருங்கள் என்று கேட்டேன். படி செங்குத்தாக இருக்கிறது, நேரமும் இல்லை என்றார்கள். அண்ணி வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய மூச்சு சத்தத்தை அவர்கள் கேட்டிருப்பார்கள். கேட்டது போல் காட்டிக்கொள்ளவில்லை. கிளம்பும்போது அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? நல்ல தாளாகப் பார்த்து ஒரு கட்டு அறுத்து, வாழைநாரால் கட்டி, செய்தித்தாளில் சுற்றி அந்த அதிகாரி கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பத் தெரியாத மனிதர். அவரும் வாங்கிக்கொண்டு போனார்.

சாயந்திரமே தெரு கூடிவிட்டது. "நீ கெடுத்த நைனா. ஒன் வெங்காயம்தான் கெடுத்துச்சு" என்று தேவராஜ் எல்லோர் எதிரிலும் சொன்னார். அவர் வீட்டுக் கோலம் இன்னும் கலையாமல் இருந்தது. நான் அதைக் காட்டிச் சண்டை போட்டேன். நன்றாகவே போட்டேன். அண்ணன் என்னைத் தடுத்தார். ஒரு வார்த்தை தனக்காகப் பேசவில்லை. அதன்பின் அந்தத் தெருவில் பலர் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். குழுவில் கை கூப்பும் பொம்மை போட்டவர்களில் அவர்களும் உண்டு.

மறுநாளிலிருந்து அவர் துடைக்கவே இல்லை. பாத்தி கறுத்தது. வழக்கம்போல் மண் அணைத்தார், தண்ணீர் விட்டார், துணியை மட்டும் தொடவில்லை. திங்கட்கிழமை வந்தால் அழுக்கோடு ஒரு கட்டு அறுத்துக்கொண்டு திருவள்ளூருக்குப் போவார். அந்த அலுவலகத்து மேஜைமேல் வைப்பார். கிளார்க் பதறிப்போய், "டேபிள் அழுக்காவுது பெரியவரே, வெளிய வையுங்க" என்பாராம். திரும்பி வந்து என்னிடம் சொல்லிச் சிரித்தார். "பாத்தீங்களா மேடம், டேபிளு அழுக்காவுதுன்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க. அப்ப கீதுன்னு ஒத்துக்கினாங்கல்ல?" சிரிப்பு முடிவதற்குள் இருமல் வந்துவிட்டது. அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நோயாளி அண்ணிதான் என்று எல்லோரையும் போலவே எண்ணியிருந்தேன்.

நான் பொன்னேரிக்கு வந்த பிறகு போனில் பேசுவோம். ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் அவரால் முடிக்க முடியாமல் போனது. ஆஸ்பத்திரியில் பீடி, சிகரெட் பழக்கம் உண்டா என்று கேட்டார்களாம். வெற்றிலைகூடப் போடாதவரை. அவருக்கு எல்லாவற்றையும் விட அந்தக் கேள்விதான் வலித்தது. கடைசியில் ஒரு காலை, பாத்தியருகே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. யாருடைய மூச்சுக்காக அலைந்தாரோ அவர் உயிரோடு இருக்கிறார். அலைந்தவர் போய்விட்டார்.

காரியத்தன்று கம்பெனி மேனேஜர் மாலையோடு வருகிறார் என்று யாரோ வந்து சொன்னார்கள். இவர் புதியவர், நம் காலத்து ஆள் இல்லை. பள்ளிப்பட்டிலிருந்து வந்திருந்த அண்ணனின் தங்கை சட்டென்று விளக்குமாற்றை எடுத்தார். இன்னொருத்தி நாற்காலியைத் துடைக்கத் துணி தேடினாள். மூலையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அண்ணி, "வுடுங்க. யாரும் எதையும் தொடைக்காதீங்க" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகத்தான் சொன்னார். எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

மேனேஜர் வந்து படத்துக்கு மாலை போட்டார். வெள்ளைக் காற்சட்டை. உட்காரப் போனவர் நாற்காலியைப் பார்த்துத் தயங்கினார். யாராவது துடைப்பார்கள் என்று இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் அசையவில்லை. தேவராஜ்கூட அசையவில்லை. கடைசியில் அவரே கைக்குட்டையை எடுத்து இருக்கையைத் துடைத்தார். கைக்குட்டை கரியாகிவிட்டது. அதைச் சட்டைப்பைக்குள் வைக்கவும் மனம் வராமல், கீழே போடவும் முடியாமல், அத்தனை பேருக்கு நடுவில் விரல் நுனியில் பிடித்துக்கொண்டு நின்றார்.

அண்ணி கையை நீட்டினார். "அத எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க சார். திங்கக்கெழம எடுத்துக்கினு போவணும்."

அவர் என்ன செய்வார், கொடுத்தார். அவர் போன பிறகு தேவராஜ் மட்டும் வந்து அண்ணியின் எதிரே தரையில் உட்கார்ந்தார். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பாத்தியிலிருந்து கொஞ்சம் பிடுங்கிக்கொண்டு போய்ப் பொன்னேரியில் நட்டுக்கொள் என்று அண்ணி சொன்னார். நான் வாங்கவில்லை. தணிகாசலம் அண்ணனிடமிருந்து எனக்கென்று எதையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், அது திங்கட்கிழமைதான். போன திங்கட்கிழமை நானும் அண்ணியும் திருவள்ளூருக்குப் போனோம். அண்ணியால் பஸ் படி ஏற முடியவில்லை. முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டேன். வழியில் வண்டி நின்ற இடத்திலெல்லாம் ஜன்னலில் சாய்ந்து கொஞ்சம் காற்று வாங்கினார். அந்த மேஜைமேல் கைக்குட்டையையும், அண்ணன் நட்ட பாத்தியிலிருந்து ஒரு கட்டு வெங்காயத்தாளையும் வைத்தோம். தாளிலிருந்து கரி உதிர்ந்து மேஜைக் கண்ணாடியில் பரவியது. கிளார்க் வாயைத் திறப்பதற்குள் அண்ணி, "ஐயோ, அழுக்காயிடுச்சே" என்று முந்தானையை எடுத்துத் துடைக்கப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.